மூட்டும் பூட்டும்: அறுவை மேசையில் ரோபோ கை நிற்கும் விதம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



ரோபோ அறுவை சிகிச்சை என்றதும் எல்லார் கண்ணும் கருவியின் நுனிக்குப் போய்விடுகிறது. விரல் தடிமன்கூட இல்லாத ஒரு குழாய், அதன் முனையில் மணிக்கட்டுபோல் வளையும் இடுக்கி, அது தைக்கும் தையல். பார்க்க அழகான காட்சிதான். நான் இன்று அந்தக் கையின் மறுமுனையைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். நுனி உள்ளே வேலை செய்யும்போது, தோள் எங்கே ஊன்றியிருக்கிறது? தரையிலா, கூரையிலா, நோயாளி படுத்திருக்கும் மேசையிலா? இந்தக் கேள்வியோடுதான் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி போயிருக்கிறது.

அது எப்படி என்னைப் பிடித்துக்கொண்டது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையின் அறுவை அரங்கில் ஓரமாக நின்று பார்க்க எனக்கு இடம் கொடுத்தார்கள். அடிவயிற்றில் அறுவை. நோயாளியின் தலை தாழ்ந்து கால் உயரும்படி மேசையைச் சாய்த்திருந்தார்கள். தரையில் நின்ற வண்டியிலிருந்து ரோபோவின் கைகள் வயிற்றுக்குள் போயிருந்தன. பாதியில் மயக்க மருத்துவர், "மேசையைக் கொஞ்சம் நிமிர்த்த வேண்டும், மூச்சுக்குழாய் அழுத்தம் ஏறுகிறது" என்றார். மேசைக்குக் கட்டுப்பாட்டுப் பெட்டி உண்டு. பொத்தானை அமுக்கினால் நிமிரும். ஆனால் அமுக்க முடியாது. மேசை அசைந்தால் நோயாளி அசைவார், கைகள் அசையாது. அதனால் கருவிகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்கள். வயிற்றில் செருகியிருந்த குழாய்களிலிருந்து கைகளைக் கழற்றினார்கள். மேசையை நிமிர்த்தினார்கள், காத்திருந்தார்கள், மறுபடியும் சாய்த்து, மறுபடியும் எல்லாவற்றையும் மாட்டினார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. நோயாளிக்குத் தீங்கு எதுவும் நேரவில்லை. ஆனால் அந்தப் பத்து நிமிடமும் மயக்க மருத்துவர் கண்காணிப்புத் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. மனித உதவியாளர் ஒருவர் கருவியைப் பிடித்திருந்தால், மேசை சாயச் சாய அவரும் கூடவே குனிந்திருப்பார் என்று அப்போது தோன்றியது.

தமிழில் ஒன்றுக்கொன்று அருகில் இருக்கும் இரண்டு சொற்கள் இந்த உரைக்குப் போதும். ஒன்று மூட்டு, மற்றொன்று பூட்டு. மூட்டு அசைய விடும். பூட்டு அசையாமல் நிறுத்தும். அதோடு சேர்த்தும் வைக்கும். ஏர் பூட்டுகிறோம், வண்டி பூட்டுகிறோம், வில்லில் நாண் பூட்டுகிறோம், கதவையும் பூட்டுகிறோம். ரோபோ கையை அறுவை மேசையில் பொருத்தும் அமைப்பு, கையை அமர்த்தும் நேரத்தில் மூட்டாகவும், அறுவை தொடங்கியபின் பூட்டாகவும் இருக்க வேண்டும். பூட்டப்படும் இடம் நோயாளியோடு சேர்ந்து அசையும் இடமாக இருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான். மற்றவையெல்லாம் இது ஏன் கடினம் என்பதற்கான விளக்கம்.

1. கை எங்கெல்லாம் நின்றது

1985இல் கலிபோர்னியாவின் லாங் பீச் நகரில், பூமா என்ற தொழிற்சாலை ரோபோவைக் கொண்டு மூளைத் திசு எடுக்கும் ஊசிக்கு வழிகாட்டினார்கள். நோயாளியின் தலை ஒரு சட்டத்தில் அசையாமல் பிடிக்கப்பட்டிருந்தது. 1992இல் இடுப்பு மூட்டு மாற்று அறுவையில் ரோபோடாக் வந்தது. தொடை எலும்பை ரோபோவோடு இறுகப் பிணைத்துவிட்டுத்தான் அது குடையத் தொடங்கும். எலும்பு நகர்ந்ததாக உணர்ந்தால் நின்றுவிடும். இந்த இரண்டிலும் ஒரு தெளிவு இருந்தது. எலும்பு கெட்டியான பொருள், அதைப் பிடிக்கலாம். நோயாளியின் உடலுக்கும் கருவிக்கும் நடுவே நேரடிப் பூட்டு சாத்தியம்.

வயிற்றுக்கு அது பொருந்தாது. வயிற்றைப் பிடித்து நிறுத்த எலும்பு இல்லை. 1994இல் அமெரிக்க அனுமதி பெற்ற ஈசாப் என்ற கேமராக் கை, மேசையின் பக்கவாட்டில் ஓடும் சைடு ரெயிலில் கிளாம்ப் போட்டு மாட்டப்பட்டது. அதை உருவாக்கிய கம்ப்யூட்டர் மோஷன் நிறுவனமே பிறகு ஸீயஸைக் கொண்டுவந்தது. அதில் மூன்று கைகள், மூன்றும் தனித்தனியாக ரெயிலில் மாட்டுபவை. 2001 செப்டம்பர் 7 அன்று நியூயார்க்கில் அமர்ந்து ஷாக் மாரெஸ்கோ, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் இருந்த ஒரு பெண்மணியின் பித்தப்பையை அகற்றியது இந்த ஸீயஸைக் கொண்டுதான். கடலுக்கு அப்பாலிருந்து கட்டளை போய்ப் படம் திரும்பி வர ஆன தாமதம் சராசரியாக 155 மில்லி விநாடி. எல்லாரும் கடல் கடந்த அந்தக் கம்பியைப் பற்றியே எழுதினார்கள். ஸ்ட்ராஸ்பூர்கில் மேசை ரெயிலைப் பிடித்திருந்த மூன்று கிளாம்ப்களைப் பற்றி யாரும் எழுதி நான் படித்ததில்லை.

2000இல் அனுமதி பெற்ற டா வின்சி வேறு வழியில் போனது. அரை டன்னுக்கும் மேல் எடையுள்ள வண்டி ஒன்று தரையில் நிற்கும். அதன் தூணிலிருந்து கைகள் கிளைக்கும். 2003இல் இரண்டு நிறுவனங்களும் இணைந்தன, ஸீயஸ் நிறுத்தப்பட்டது. மேசையில் பூட்டும் எண்ணம் தோற்று ஒதுங்கவில்லை, வணிகத்தில் ஒதுங்கியது என்பது என் கணிப்பு. ஏனென்றால் அது திரும்பத் திரும்பத் தலைகாட்டியது. ஜெர்மனியின் விண்வெளி ஆய்வு மையமான டிஎல்ஆர் உருவாக்கிய மிரோ என்ற கை ஏறத்தாழ 10 கிலோ எடை கொண்டது, 3 கிலோ சுமக்கும். மேசை ரெயிலில் நேரே மாட்டுவதற்கென்றே வடிவமைத்தார்கள். ஜான்சன் அண்ட் ஜான்சன் 2020இல் அறிவித்த ஒட்டாவா, கைகளை மேசையின் உடலிலேயே இணைத்துவிட்டது. வேலை இல்லாதபோது அவை மேசைக்கு அடியில் மடங்கிக்கொள்ளும். இதற்கு நடுவே மூன்றாவது வழியும் பிறந்தது. இங்கிலாந்தின் வெர்சியஸ், மெட்ரானிக்கின் ஹியூகோ, குருகிராமில் உருவான எஸ்எஸ்ஐ மந்த்ரா ஆகியவை கைக்கு ஒரு வண்டி என்று பிரித்துவிட்டன. வேண்டிய இடத்துக்கு உருட்டிக்கொள்ளலாம். இடம் தேர்வதில் அவை தருவது பெரிய சுதந்திரம். ஆனால் அவற்றின் சக்கரங்களும் தரையில்தான் இருக்கின்றன.

2. மேசை சாய்ந்தால்

வயிற்றில் துளையிட்டுச் செருகும் குழாயை ட்ரோகார் என்பார்கள். கருவி அதன் வழியாகத்தான் போகும். வயிற்றுச் சுவரில் அந்தத் துளை இருக்கும் புள்ளி நகரக் கூடாது. கருவி அந்தப் புள்ளியைச் சுற்றி ஊசலாடலாம், உள்ளே வெளியே போகலாம், அவ்வளவே. டா வின்சியில் இணைகரம்போல் அமைந்த கம்பிகளே அந்தப் புள்ளியைக் காக்கின்றன. வெர்சியஸில் கணினி கணக்கிட்டுக் காக்கிறது. ஈசாபும் ஸீயஸும் மணிக்கட்டில் தளர்ந்த மூட்டுகளை வைத்து, வயிற்றுச் சுவரையே ஊன்றுபுள்ளியாக விட்டுவிட்டன. எந்த முறையானாலும், அந்தப் புள்ளி எங்கே இருக்கிறது என்று கைக்குத் தெரிந்தாக வேண்டும்.

இப்போது ஒரு சிறு கணக்கு. மேசை சாயும் அச்சிலிருந்து ட்ரோகார் 40 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதாக வைத்துக்கொள்வோம். மேசை 15 பாகை சாய்ந்தால் அந்தத் துளை 10 சென்டிமீட்டருக்கு மேல் இடம் மாறிவிடும். புரோஸ்டேட் சுரப்பி அறுவையில் தலையை 25 முதல் 30 பாகைவரை தாழ்த்துகிறார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானிய அறுவை மருத்துவர் ஃபிரீட்ரிக் ட்ரெண்டலென்பர்க் பெயரால் வழங்கும் நிலை அது. குடல் நெஞ்சுப்பக்கம் சரிந்து வேலைக்கு இடம் விடுகிறது. அதே சரிவு உதரவிதானத்தை அழுத்துகிறது, முகத்தில் வீக்கம் தருகிறது, கண்ணுக்குள் அழுத்தத்தை ஏற்றுகிறது. அதனால் தேவைப்படும்போது மட்டும் சாய்த்து, மற்ற நேரம் நிமிர்த்தி வைக்க மயக்க மருத்துவர் விரும்புவார். நோயாளிக்கு அதுவே நல்லது.

தரையில் நிற்கும் ரோபோவுக்கு இதைச் சாத்தியமாக்கிய வழி, மேசையும் ரோபோவும் பேசிக்கொள்வது. 2014இல் வந்த டா வின்சி எக்ஸ்ஐ, ட்ரம்ப்ஃப் மெடிக்கல் செய்த ட்ரூசிஸ்டம் 7000டிவி மேசையோடு கம்பியில்லாமல் இணையும். மேசை சாயச் சாயக் கைகளும் தொடரும். அமெரிக்க அனுமதி 2016இல் கிடைத்தது. பாராட்டத்தக்க வேலை. ஆனால் அந்த ரோபோவுக்கு அந்த மேசைதான் வேண்டும்.

மேசையிலேயே கை பூட்டப்பட்டிருந்தால் இந்தப் பேச்சுவார்த்தைக்கே தேவை குறைகிறது. மேசை எங்கே போகிறதோ அங்கே கையும் போகும். கணக்கிலிருந்து 10 சென்டிமீட்டர் காணாமல் போகிறது. அதற்குப் பதிலாக வேறொன்று வந்து சேர்கிறது, அதுதான் ஈர்ப்புவிசை. சரிந்த நிலையில் மாட்டிய கதவு தானாகத் திறந்துகொள்வதை வீட்டில் பார்த்திருப்பீர்கள். நேராக நிற்கும்போது அந்தக் கீலுக்குக் கதவின் எடை எந்தப் பக்கமும் இழுக்காது. நிலை சரிந்ததும் இழுக்கும். மேசை சாயும்போது ரோபோ கையின் ஒவ்வொரு செங்குத்து அச்சும் அப்படிப்பட்ட கதவாகிவிடுகிறது. நிமிர்ந்த நிலைக்கு என்று சமன் செய்து வைத்த விற்சுருள் தவறான திசையில் தாங்கும். ஆகவே கையின் அடித்தளத்திலேயே சாய்வை உணரும் கருவி ஒன்று இருக்க வேண்டும். மேசை சொல்லும் எண்ணை மட்டும் நம்பக் கூடாது. இதை என் மாணவர்களிடம் நான் கண்டிப்பாகவே சொல்வதுண்டு.

3. விறைப்பின் கணக்கு

இந்த உரையில் கொஞ்ச நேரம் நான் தங்கப்போவது இங்கேதான்.

அறுவை மேசையின் சைடு ரெயில் மிக எளிய பொருள். துருப்பிடிக்காத எஃகுப் பட்டை. ஐரோப்பாவில் அதன் குறுக்களவு 25க்கு 10 மில்லிமீட்டர். கைப்பலகை மாட்டவும் கால் தாங்கி மாட்டவும் ஏற்பட்டது. அதில் ஒரு ரோபோ கையை மாட்டினால் என்ன ஆகும்?

கையின் எடை 20 கிலோ என்று கொள்வோம். அதன் எடைமையம் ரெயிலிலிருந்து அரை மீட்டர் வெளியே தள்ளி நிற்கிறது. ரெயிலின் மேல் விழும் திருப்புத்திறன் ஏறத்தாழ 98 நியூட்டன் மீட்டர். கிளாம்ப் இதைத் தாங்குவதற்கு ரெயிலின் மேல் விளிம்பில் ஒரு பக்கமும் கீழ் விளிம்பில் எதிர்ப்பக்கமும் அழுத்த வேண்டும். இரண்டுக்கும் நடுவே உள்ள தூரம் 25 மில்லிமீட்டர்தான். 98ஐ 0.025ஆல் வகுத்தால் 3,920 நியூட்டன். ஏறத்தாழ 400 கிலோ எடைக்குச் சமமான விசை, இரண்டு விரல் அகல இரும்பில். ரெயில் உடையாது. ஆனால் கிளாம்பின் உதடு நசுங்கும், ரெயிலை மேசையோடு பிடித்திருக்கும் திருகுகள் சற்று நெகிழும். கண்ணுக்குத் தெரியாத அளவுதான். அடியில் 0.1 பாகை திரும்பினால், 800 மில்லிமீட்டர் தள்ளி இருக்கும் நுனியில் அது 1.4 மில்லிமீட்டர். தைக்கும் இடத்தில் 1.4 மில்லிமீட்டர் என்பது ஒரு தையலுக்கும் அடுத்த தையலுக்கும் இடையே உள்ள தூரத்தோடு ஒப்பிடத்தக்கது.

இதற்கு வழி கிளாம்பை இன்னும் தடிமனாகச் செய்வதில் இல்லை. ஊன்றும் இடங்களுக்கு நடுவே உள்ள தூரத்தைக் கூட்டுவதில் இருக்கிறது. ரெயிலைப் பிடிக்கும் அதே அமைப்பிலிருந்து ஒரு கால் கீழே இறங்கி, 150 மில்லிமீட்டர் தாழ்வில் மேசைச் சட்டத்தின் பக்கத்தில் ஊன்றட்டும். அதே 98 நியூட்டன் மீட்டருக்கு இப்போது 653 நியூட்டன் போதும். ஆறில் ஒரு பங்காகிவிட்டது. தச்சர் அலமாரியைச் சுவரில் மாட்டும்போது பலகைக்கு அடியில் முக்கோணத் தாங்கி வைப்பது இந்தக் காரணத்தால்தான். நீளவாக்கில் அசைவதைத் தடுக்க, ஒற்றைக் கிளாம்புக்குப் பதில் இடைவெளி விட்டு இரண்டு கிளாம்ப் போட்டு அவற்றை ஒரு விட்டத்தால் இணைக்க வேண்டும். கைகள் அந்த விட்டத்தின் மேல் நகரும்.

கையின் நீளத்திலும் சிக்கனம் வேண்டும். ஒரு முனையில் மட்டும் பிடித்த தண்டின் நீளத்தை இரட்டிப்பாக்கினால், அதே எடைக்கு அது எட்டு மடங்கு தாழும். தரை வண்டியில் நிற்கும் கை, மேசையின் அகலத்தையும் உதவியாளர் நிற்கும் இடத்தையும் தாண்டி வந்தாக வேண்டும். மேசையில் பூட்டிய கைக்கு அந்தத் தூரம் மிச்சம். அதனால்தான் 10 கிலோ எடையில் ஒரு மிரோ சாத்தியமாயிற்று. இதைப் பலர் கவனிப்பதில்லை. பூட்டும் இடத்தை மாற்றினால் கை முழுவதும் மாறுகிறது.

ஆனால் மேசையும் பாறை இல்லை. ஒற்றைத் தூணின் மேல் நிற்கும் பலகை அது. முதுகுப்பகுதி, இருக்கைப்பகுதி, கால்பகுதி என்று பிரிந்து தனித்தனியாக மடங்கும். ரெயிலும் அதேபோல் துண்டு துண்டாக இருக்கும். முதுகுப்பகுதி ரெயிலில் மாட்டிய கை முதுகுப்பகுதியோடுதான் அசையும். ட்ரோகார் இருக்கும் வயிறு இருக்கைப்பகுதியின் மேல் இருந்தால், ஒரே மேசையில் பூட்டியும் பயன் இல்லை. எந்த அறுவைக்கு எந்தப் பகுதி என்று முதலில் அறுவை மருத்துவரிடம் கேட்டுவிட்டு அப்புறம் வரையத் தொடங்க வேண்டும். நான் என் முதல் வரைபடத்தை யாரிடமும் கேட்காமல் போட்டேன். மூன்று மாத வேலை வீணானது.

4. மூட்டாக இருக்கும் நேரம்

நாட்டு ஏரைப் பார்த்திருக்கிறவர்களுக்கு அடுத்த செய்தி உடனே புரியும். ஏர்க்காலில் தடங்கள் வெட்டியிருக்கும். நுகத்தடியை முன்தடத்தில் கட்டுவதா பின்தடத்தில் கட்டுவதா என்பதைப் பொறுத்து உழும் ஆழம் மாறும். கட்டும்வரை உழவர் கையில் எத்தனையோ தேர்வுகள். கட்டி முடித்து மாடு இழுக்கத் தொடங்கினால் அசையாது. அதோடு, எந்தத் தடத்தில் கட்டியிருக்கிறது என்பது பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

பொருத்தும் அமைப்பிலும் அப்படித்தான். கை ரெயில் நீளத்துக்கு நகர வேண்டும், உயர வேண்டும், தாழ வேண்டும், தோளில் திரும்ப வேண்டும். குட்டையானவருக்கும் பருத்தவருக்கும், வலப்பக்கச் சிறுநீரகத்துக்கும் இடப்பக்கத்துக்கும், இடம் மாறும். இவை மோட்டாரால் நகர வேண்டியதில்லை. மனிதர் தள்ளி அமர்த்தி, பிரேக் போட்டால் போதும். அந்தப் பிரேக் மின்சாரம் இருந்தால் திறப்பதாகவும், மின்சாரம் போனால் தானே பிடிப்பதாகவும் இருக்க வேண்டும். மாறாகச் செய்தால் மின்வெட்டு நேரத்தில் கை வயிற்றின் மேல் சாயும்.

கழற்றி மாட்டும்போது ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் உட்கார வைப்பது தனிக்கலை. இரண்டு தட்டையான முகங்களை நான்கு திருகுகளால் இறுக்கினால், எந்தத் திருகை முதலில் இறுக்கினீர்கள் என்பதைப் பொறுத்துக் கோணம் மாறும். ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே காட்டிய வழி இருக்கிறது. ஒரு பக்கம் மூன்று உருண்டைகள், மறுபக்கம் அவை அமர மூன்று பள்ளங்கள். உருண்டை பள்ளத்தின் இரு சரிவுகளில் மட்டும் தொடும். ஆக ஆறு தொடுபுள்ளிகள். ஒரு பொருளின் ஆறு அசைவுகளையும் பிடிக்க ஆறு புள்ளிகள் போதும், ஏழாவது தேவையில்லை. முக்காலி எந்தத் தரையிலும் ஆடாமல் நிற்பதும் நாற்காலி ஆடுவதும் இதே காரணத்தால். ஓர் ஆப்பு போன்ற நெம்புகோல் மூன்றையும் சேர்த்து இறுக்கட்டும். உருண்டையின் கடினமும் பள்ளத்தின் மெருகும் நன்றாக இருந்தால், மாட்டிய இடம் மைக்ரோமீட்டர் கணக்கில் திரும்பக் கிடைக்கும். இவ்வளவு எளிய கருத்து அறுவை அரங்குக்குள் வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது.

இதை மாட்டப்போகிறவர் செவிலியர். கையுறை போட்டிருப்பார். லேப்ராஸ்கோபி நேரத்தில் அரங்கின் விளக்கைக் குறைத்திருப்பார்கள். பூட்டு விழுந்ததா இல்லையா என்பது கைக்கு ஒரு தட்டலாக, காதுக்கு ஓர் ஓசையாக, கண்ணுக்கு நிறமாகத் தெரிய வேண்டும். கிருமி நீக்கிய விரிப்பு மூடிய பிறகும் தெரிய வேண்டும். எடையும் முக்கியம். அமெரிக்கப் பணிநல ஆய்வு நிறுவனமான நையோஷின் தூக்கல் சூத்திரத்தில் மிகச் சாதகமான நிலைக்கே வரம்பு 23 கிலோ. கையை நீட்டி, இடுப்பைத் திருப்பி, மேசை உயரத்துக்குத் தூக்கும்போது அந்த வரம்பு வேகமாகக் குறையும். 20 கிலோ கையை ஒருவரே தூக்கி ரெயிலில் மாட்டச் சொல்வது அவர் முதுகின் மேல் நாம் வைக்கும் கடன். சிறிய தள்ளுவண்டி ஒன்று கையைச் சுமந்து வந்து, சரியான உயரத்தில் ரெயிலுக்கு ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். பூட்டு விழாமல் வண்டி கையை விடக் கூடாது. இந்த ஒரு நிபந்தனைக்காக நாங்கள் நான்கு வடிவங்கள் செய்து பார்த்தோம்.

5. மேசையைச் சுற்றி நிற்பவர்கள்

மேசைப்பக்கம் காலியான இடமல்ல. தலைமாட்டில் மயக்க மருத்துவர். பக்கத்தில் உதவி மருத்துவர். எக்ஸ்ரே எடுக்க சி-ஆர்ம் வந்தால் அதன் வளைவு மேசைக்கு அடியிலும் போக வேண்டும். கைகளை மேசைக்கு அடியில் மடித்து வைக்கும் வடிவத்தில் இது நேரடி மோதல். அறுவை அரங்கின் வழக்கப்படி மேசை மட்டத்துக்குக் கீழே உள்ளது கிருமி நீக்கியதாகக் கருதப்படாது. அங்கிருந்து எழுந்து வரும் கைக்கு எப்போது, யார் விரிப்பு மாட்டுவது என்று வரிசை வகுத்தாக வேண்டும்.

ரத்தப்போக்கு ஏற்பட்டு உடனே வயிற்றைத் திறக்க வேண்டிய நேரமும் வரும். அப்போது கையை விடுவிக்க ஒரே ஓர் அசைவு போதுமாக இருக்க வேண்டும், கருவி தேவைப்படாமல், மின்சாரம் தேவைப்படாமல். பூட்டுக்குத் தரும் கவனத்தைத் திறப்புக்கும் தந்த வடிவங்கள் குறைவு.

6. எந்த மேசைக்கும் பொருந்துவது

ஐரோப்பிய ரெயில் 25 மில்லிமீட்டர் உயரம் என்றேன். அமெரிக்க ரெயில் ஏறத்தாழ 28.5 மில்லிமீட்டர். ஜப்பான், பிரிட்டன் அளவுகள் இன்னும் வேறு. நம் ஊரில் ஒரே மருத்துவமனை வளாகத்தில் இரண்டு மூன்று நாட்டு மேசைகள் அடுத்தடுத்த அரங்குகளில் இருப்பதை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றுக்குப் பொருந்தும் கிளாம்ப் அடுத்ததில் ஆடும்.

கைகளும் மேசையும் ஒன்றாகவே பிறந்த அமைப்பு விறைப்பில் சிறந்தது, ஐயமில்லை. ஆனால் அதை வாங்கும் மருத்துவமனை இருக்கும் மேசையை ஒதுக்கிவிட்டுப் புது மேசையையும் சேர்த்து வாங்க வேண்டும். ஏற்கெனவே உள்ள மேசையில் பூட்டும் அமைப்பு, மாவட்டத் தலைநகர் மருத்துவமனை ஒன்றுக்கும் எட்டக்கூடியது. ஒரு கையோடு தொடங்கலாம், வேலை பெருகினால் இரண்டாவது சேர்க்கலாம். என் சார்பு இந்தப் பக்கம்தான், அதை மறைக்கவில்லை.

சார்பு இருக்கிறது என்பதற்காக ஆபத்தைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு மேசை, தாங்க வேண்டிய நோயாளி எடைக்குச் சோதிக்கப்பட்டது. அதில் 20 கிலோ கைகள் நான்கு ஏறினால் 80 கிலோ கூடுகிறது, அதுவும் மையத்திலிருந்து விலகி. மருத்துவ மின்கருவிகளுக்கான ஐஇசி 60601-1 தரம், கருவி 5 பாகைச் சரிவில் கவிழக் கூடாது என்கிறது. இடம் மாற்றும் நிலையில் 10 பாகை. அறுவை மேசைக்கு 60601-2-46 என்று தனித் தரம் உண்டு. ரோபோ அறுவைக் கருவிகளுக்கு 2019இல் 80601-2-77 வந்தது. மேசை தனியாகத் தேறியது, கை தனியாகத் தேறியது என்பதால் இரண்டும் சேர்ந்து தேறிவிடாது. ஒவ்வொரு மேசை வகையோடும் சேர்த்து, நோயாளி எடையோடு, முழுச் சாய்வில் சோதித்த பிறகே "இந்த மேசைக்குப் பொருந்தும்" என்று அட்டை ஒட்டலாம். பட்டியலில் இல்லாத மேசையில் மாட்ட வராதபடி கிளாம்பின் வடிவமே தடுக்க வேண்டும்.

7. மெத்தை

கையை மேசையோடு பூட்டிவிட்டோம். மேசையையும் நம்பலாம். ஆனால் நோயாளி மேசையோடு பூட்டப்படவில்லை. அவர் ஒரு மெத்தையின் மேல் படுத்திருக்கிறார்.

30 பாகைச் சரிவில் உடல் எடையில் பாதி சரிவின் திசையில் இழுக்கிறது. 70 கிலோ மனிதருக்கு 35 கிலோ. சறுக்காமல் நிற்க மெத்தைக்கும் உடலுக்கும் நடுவே உராய்வுக்கெழு 0.58க்கு மேல் இருந்தாக வேண்டும். மென்மையான விரிப்பு அதைத் தருவதில்லை. ஒரு காலத்தில் தோளுக்குக் கட்டை கொடுத்து நிறுத்தினார்கள். கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக்கற்றை அதில் நசுங்கிச் சேதமாகும் என்று கண்டபின் அதைத் தவிர்க்கிறார்கள். இப்போது வழுக்காத நுரைமெத்தைகளை வெற்றுத் தோலுக்கு அடியில் நேரே விரித்து, உராய்வை உடல் முழுவதும் பரப்புகிறார்கள். அப்படியும் சில சென்டிமீட்டர் நகர்வு நேரலாம். அப்போது மேசையில் பூட்டிய கைக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது. ட்ரோகார் வயிற்றுச் சுவரை இழுத்துக்கொண்டிருக்கும்.

இதனால் என் வாதத்தை நானே திருத்த வேண்டியிருக்கிறது. கையின் ஊன்றுமிடம் மேசை என்றேன். மேசை அதற்கு மிக அருகில் வரும் இடம், அவ்வளவே. உண்மையான ஊன்றுமிடம் வயிற்றுச் சுவரில் அந்தத் துளை. பொருத்தும் அமைப்புக்குள்ளேயே விசையை உணரும் தகடு ஒன்றை வைத்து, ட்ரோகார் பக்கவாட்டில் இழுக்கத் தொடங்குவதை அறிந்து, கையின் அடித்தளத்தை மெல்ல நகர்த்தித் தளர்த்த முடியுமா என்பதுதான் எங்கள் பட்டறையில் இப்போது நடக்கும் வேலை. பூட்டிய பிறகும் சிறிதளவு மூட்டாக இருக்கும் பூட்டு.

அதற்காக ஒரு பழைய மேசையில் 70 கிலோ மணல் மூட்டையைக் கிடத்தி, பல வகை மெத்தைகளின் மேல் சாய்த்து, டயல் கேஜ் வைத்து நகர்வை அளந்துவருகிறோம். மணல் மூட்டை சறுக்கும்போது சட்டென்று சறுக்கும், அதுவரை அசையாது. மனித உடல் அப்படியில்லை. தோல் மெத்தையைப் பற்றிக்கொண்டிருக்க, அதன் மேல் தசையும் எலும்பும் கீழ்நோக்கி இழைகின்றன. வெளியே எதுவும் நகராதபோதே உள்ளே உடல் நகர்ந்துவிடுகிறது. மூட்டைக்குப் பதிலாக எதைக் கிடத்தினால் இதை அளக்கலாம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம். இந்த அவையில் இருக்கும் எலும்பு மருத்துவர்களும் மயக்க மருத்துவர்களும் எங்கள் பட்டறைக்கு ஒருமுறை வந்து அந்த மேசையைப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.